பிடித்தம் போக

க்ளோகே ஊர்க் காகித ஆலையில்
சம்பளச் சன்னல் என்னுடையது.
இருநூற்றுப் பதினெட்டுப் பேர் வீட்டு நடப்பு
யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும்.
காப்பீட்டுத் தொகை திடீரென ஏறினால்
பிள்ளை பிறந்திருக்கிறது.
கோர்ட்டுப் பிடித்தம் என்றொரு வரி முளைத்தால்
ட்வேன் மறுபடி பிரிந்துவிட்டான்.
வெளியே விட்டதில்லை ஒன்றையும்.
சம்பளம் போடுகிறவள் வாய்
ஒட்டிய உறை மாதிரி இருக்க வேண்டும்.

நவம்பரில் ஆர்வோ காங்காஸ்
வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவர்
வாரியோடு சாய்ந்தார்.
வயது அறுபத்தொன்று.
பதினேழு நாள் போயிருந்தால் அறுபத்திரண்டு,
ஓய்வுப் பணத்துக்கு மனுப் போடலாம்.
கேன்டீன் காலண்டரில் சிவப்புப் பேனாவால்
நாளை அடித்துக்கொண்டே வந்தார்.

அந்த வாரம் அவர் உழைத்தது
இருபத்திரண்டரை மணி நேரம்.
அதற்கும் நான்தான் சீட்டுப் போட்டேன்.
சட்டம் இப்படி:
செத்தவர் கூலியில் வருமான வரி பிடிப்பதில்லை.
ஆனால் முதுமைக்கென்று பிடிப்பதை,
சமூகப் பாதுகாப்பு என்று அதற்குப் பெயர்,
அந்த வருஷம் முடியும்வரை பிடித்தே ஆகவேண்டும்.
ஆறு புள்ளி இரண்டு சதவீதம்.
வராத முதுமைக்கு
முப்பத்தேழு டாலர் அறுபத்தேழு சென்ட்.
கம்ப்யூட்டர் முனகவில்லை.
நான் கையாலும் ஒருதரம் போட்டுப் பார்த்தேன்,
எங்காவது தப்பிருக்கும் என்று.
சரியாகவே இருந்தது.

ஜனவரியில் வெர்னா காங்காஸ் புதுப் படிவம் கொடுத்தாள்.
மணமானவர் கட்டத்தைத் தாண்டி
தனியர் கட்டத்தில் ஒரு டிக்.
பேனா கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது,
மை ஊறிப் பின்பக்கம் வரை தெரிந்தது.

அடுத்த சம்பள வெள்ளிக்கிழமை
கையுறையைக் கழற்றாமலே சன்னலுக்கு வந்தாள்.
இரண்டு சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து
ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள்.
"அதே எண்பது மணி.
அதே ஆயிரத்து எழுநூற்றிருபது.
முதுமைக்கு அதே நூற்றாறு அறுபத்துநாலு.
இந்த ஒரு வரி மட்டும் ஏன் குதிக்கிறது?
டிசம்பரில் அறுபத்தைந்து நாற்பத்தாறு.
இப்போது நூற்றுமுப்பது, சில்லறை ஒன்பது."

வாய்பாடு போல ஒப்பித்தேன்:
இருவர் என்றால் வரி தொடாத பகுதி பெரிது,
ஒருவர் என்றால் பாதி,
மிச்சமெல்லாம் மேல்படிக்கு ஏறிவிடும்.
கேட்டுக்கொண்டே தாளின் ஓரத்தில் கழித்தாள்.
அறுபத்துநாலு டாலர் அறுபத்துமூன்று சென்ட்.
"ரெண்டு வாரத்துக்கு ஒருதரமா?"
"ஆமாம்."
சிரித்துவிட்டாள். வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.
"முப்பத்துமூணு வருஷத்தில் அந்த மனுஷன்
இந்த விலைக்கு எனக்கு ஒன்றும் வாங்கித் தந்ததில்லை.
இப்ப பார், தவணை தவறாமல்."

அவர் கட்டியதெல்லாம் என்னாகும் என்று கேட்டாள்.
இருநூற்றைம்பத்தைந்து டாலர், சாவுத்தொகை, ஒரேயொரு முறை.
உனக்கு அறுபது ஆனதும் அவர் கணக்கிலிருந்து மாதாமாதம்.
அவளுக்கு ஐம்பத்தேழு.
"அப்படியானால் மூணு வருஷம் சாகக்கூடாது"
என்று, பால் வாங்க மறக்கக்கூடாது என்பதுபோல் சொல்லி
சீட்டுகளை நாலாக மடித்துக்கொண்டு போனாள்.
நின்ற இடத்தில் அவள் பூட்ஸிலிருந்து உருகிய பனி
இரண்டு சிறு குட்டைகளாய்க் கிடந்தது.
அடுத்து வந்தவன் அதில் காலை வைத்து
ஓவர்டைம் எங்கே என்றான்.

எல்லாருடையதும் முடித்து
கடைசியில்தான் எப்போதும் என் சீட்டு.
பெயருக்கு எதிரே 'தனியர்',
பத்தொன்பது வருஷமாக.
அன்று அந்த வருமான வரி எண்ணுக்குக் கீழே
பென்சிலால் ஒரு கோடு போட்டேன்,
கழித்துப் பார்க்கலாம் என்று.
மேலே எழுத
என்னிடம் இன்னொரு சீட்டு
இருந்ததே இல்லை.